ராத்திரி பல்வலி, விழுந்த பல், வீங்கிய கன்னம்: எது காலைவரை தாங்கும், எது தாங்காது?

இந்த முறை பல் கேள்விகள் குவிந்துவிட்டன. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைப் படிக்கும்போது ஒரு குழப்பம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு அவசரம் என்று நினைத்துக்கொள்கிறோம். பல் விஷயத்தில் இது பல நேரம் தலைகீழ். உயிர் போகிற மாதிரி வலிக்கும் பல் பெரும்பாலும் காலைவரை தாங்கும். அவ்வளவாக வலிக்காத சில விஷயங்கள்தான் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 9 வயது. விளையாடும்போது விழுந்து மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று வந்துவிட்டது. ரத்தம் நின்றதும் பல்லை நன்றாகக் கழுவி பேப்பரில் மடித்து வைத்து, மறுநாள் காலை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனோம். நேற்றே வந்திருக்கக் கூடாதா என்றார். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? சின்னவளுக்கு 4 வயது, அவளுக்கு இப்படி ஆனாலும் அதேதானா?

பதில்: உங்களை நொந்துகொள்ளாதீர்கள் அம்மா, இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. முதலுதவிப் பாடத்தில்கூட எலும்பு முறிவு இருக்கும், பல் இருக்காது.

வேரோடு வந்த பல்லைப் பார்த்தால், வேரின்மேல் மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பல் மறுபடி எலும்போடு சேர வேண்டுமானால் அந்தச் சவ்வில் இருக்கும் செல்கள் உயிரோடு இருக்க வேண்டும். காற்றில் உலர்ந்தால் அரை மணி நேரத்திலேயே நிறைய செத்துவிடும், ஒரு மணி நேரம் தாண்டினால் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். நேற்றே வந்திருக்கலாமே என்று உங்கள் டாக்டர் சொன்னதற்குக் காரணம் இதுதான். சொல்லப்போனால் நேற்றுக்கூட இல்லை, விழுந்த அந்த நிமிஷமே, அந்த இடத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது.

முதலில் பிள்ளையைப் பாருங்கள். மயங்கினானா, வாந்தி எடுக்கிறானா, குழப்பமாகப் பேசுகிறானா? அப்படியென்றால் பல்லை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளையாக வெளியே தெரியும் பாகத்தை மட்டும் பிடியுங்கள், வேரில் கை படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் மெதுவாக ஓடும் குளிர்ந்த நீரில் 10 விநாடி காட்டினால் போதும். தேய்க்காதீர்கள், சோப்பு வேண்டாம், துணியால் துடைக்கவும் வேண்டாம். பிறகு பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரிந்துகொண்டு, வந்த குழியிலேயே மெதுவாக அழுத்திச் செருகிவிடுங்கள். கை நடுங்கும், தெரியும். கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் பரவாயில்லை, அதை டாக்டர் நேராக்கிக்கொள்வார். சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கொடுத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

செருக முடியவில்லை, பையன் விடமாட்டேன் என்கிறான் என்றால் பல்லைக் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பாலின் உப்புத்தன்மை உடம்பின் செல்களுக்கு ஒத்துப்போகும். பால் இல்லையா, பிள்ளையையே ஒரு சின்ன டப்பாவில் எச்சில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். வெறும் தண்ணீரில் மட்டும் ஊறவிடாதீர்கள், செல்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும்.

எங்களிடம் வரும் பற்கள் பெரும்பாலும் எப்படி வரும் தெரியுமா? பழைய பிரஷ்ஷால் தேய்த்து, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, சட்டைப்பையில். பிரித்துப் பார்த்தால் பளபளவென்று இருக்கும், வேரில் ஒட்டியிருக்க வேண்டிய அந்த இளஞ்சிவப்புச் சவ்வு சுத்தமாகப் போயிருக்கும். அக்கறையோடு செய்ததுதான், என்ன சொல்வது!

நேரத்தோடு வந்தால், பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் சேர்த்து சுமார் 2 வாரம் கட்டி வைப்போம். வேர் முழுதும் வளர்ந்து முடிந்த பல் என்றால் அதே 2 வாரத்துக்குள் ரூட் கெனால் சிகிச்சையும் தொடங்க வேண்டும். 9 வயதில் முன்பல்லின் வேர்நுனி பல சமயம் இன்னும் மூடியிருக்காது, உள்ளே ரத்த ஓட்டம் தானாகவே திரும்பவும் வாய்ப்பு உண்டு, அதனால் பொறுத்துப் பார்ப்போம். தாமதமாகிவிட்டது என்பதற்காகப் பல்லைத் தூக்கிப் போடவும் வேண்டாம். காய்ந்துபோன பல்லைக்கூடத் திரும்ப வைத்துப் பார்ப்பது உண்டு, சில வருஷம் அந்த இடத்து எலும்பையாவது காப்பாற்றித் தரும். உங்கள் பையனுக்கு இப்போதைக்குக் கழற்றி மாட்டும் பல் போதும். இம்ப்ளான்ட் என்று யாராவது பேசினால், தாடை வளர்ந்து முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். தடுப்பூசிக் கார்டை எடுத்து டெட்டனஸ் ஊசி போட்ட தேதியையும் ஒருமுறை பாருங்கள்.

சின்னவள் விஷயம் வேறு. 4 வயதில் விழுவது பால் பல். அதைத் திரும்பச் செருகவே கூடாது, உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் முளையைக் கெடுத்துவிடும். துணியை அழுத்தி ரத்தத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், அது போதும். விழுந்த பல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை, பிள்ளை விடாமல் இருமுகிறது என்றால் மட்டும் தாமதிக்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம்.

கேள்வி: மூன்று நாளாக இடது பக்கக் கடைவாய்ப்பல் வலி. பகலில் ஏதோ சமாளிக்கிறேன், படுத்தால் போதும், விண் விண் என்று காதுவரை தெறிக்கிறது. வீட்டில் போன தடவை வாங்கிய ஆன்டிபயாடிக் பாதி அட்டை மிச்சம் இருக்கிறது, போடலாமா? கிராம்பு எண்ணெய் வைக்கலாமா?

பதில்: ஆன்டிபயாடிக் வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சொத்தை பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் கூழ்வரை இறங்கிவிட்டது. சுற்றிலும் கெட்டியான சுவர், நடுவில் வீங்கத் துடிக்கும் சதை, வீங்க இடமில்லை, அழுத்தம் ஏறுகிறது, வலிக்கிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடும், அதனால்தான் ராத்திரியில் உச்சத்துக்குப் போகிறது. இந்த வலியை ஆன்டிபயாடிக் குறைக்காது. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத சாதாரணப் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் தர வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பல்லைத் திறந்து அழுத்தத்தை எடுக்க வேண்டும், இல்லை பல்லையே எடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

அதுவரை ராத்திரியைக் கழிக்க வேண்டுமே? பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாரசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்த்து, சாப்பிட்ட பிறகு, 6 மணி நேர இடைவெளியில் எடுத்தால் பல்வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, வலி மாத்திரை போட்டால் இழுப்பு வருகிற ஆஸ்துமா, கர்ப்பம் இதில் எது இருந்தாலும் ஐபுப்ரோஃபென் தொடாதீர்கள், பாரசிட்டமால் மட்டும் போதும். அதுவும் எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள், உண்மையிலேயே வித்தியாசம் தெரியும்.

கிராம்பு எண்ணெயில் மரத்துப்போக வைக்கும் பொருள் இருக்கிறது, பஞ்சில் ஒரு சொட்டு நனைத்துக் குழிக்குள் வைத்தால் கொஞ்ச நேரம் அடங்கும். ஈறு முழுக்கத் தடவினால் எரிந்து புண்ணாகும். அப்புறம் ஒன்று, வலிக்கிற இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து வைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மாத்திரை வயிற்றுக்குப் போனால்தான் வேலை செய்யும். ஈறில் வைத்தால் அந்த இடம் வெள்ளையாக வெந்துபோகும், பல்வலியோடு புண்வலியும் சேரும்.

கேள்வி: ஒரு வாரமாகப் பாடாய்ப்படுத்திய பல் நேற்றிலிருந்து வலிக்கவே இல்லை. அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் செய்துவிடலாம்தானே?

பதில்: கேன்சல் செய்யாதீர்கள். சொத்தை தானாக ஆறாது. வலி திடீரென நின்றது என்றால் பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது, கிருமி இப்போது சத்தமில்லாமல் வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த கடிதத்தைப் படியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை இருக்கிறது. கீழ்க் கடைவாய்ப்பல் வலி நின்று போயிருந்தது. நேற்று மாலையிலிருந்து தாடைக்குக் கீழே வீங்கியிருக்கிறது. வலி பரவாயில்லை என்கிறார். வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. சுடு ஒத்தடம் கொடுக்கிறோம். பல் டாக்டர் நாளை மறுநாள்தான் நேரம் கொடுத்திருக்கிறார்.

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழில் வரும்வரை காத்திருக்காமல் அன்றே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

வந்த கடிதங்களிலேயே உண்மையான அவசரம் இதுதான். கீழ்க் கடைவாய்ப்பற்களின் வேர்நுனி தாடை எலும்பில் மிகவும் கீழே இருக்கும், அங்கிருந்து உடைகிற சீழ் வாய்க்குள் வராமல் தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் இருக்கும் இடைவெளிகளுக்குள் பாய்ந்துவிடும். இரண்டு பக்கமும் பரவினால் நாக்கை மேலே தூக்கிப் பின்னுக்குத் தள்ளி மூச்சுப்பாதையை அடைக்கும். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த நோய், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. இதில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மூச்சுத் திணறல். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது வேகமாகப் பரவும்.

ஆகவே வீக்கத்தோடு கீழே சொல்வதில் எது இருந்தாலும் பல் கிளினிக் வாசலில் நிற்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்: எச்சில் விழுங்க முடியவில்லை, எச்சில் வழிகிறது, குரல் அடைத்த மாதிரி மாறிவிட்டது, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை, வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறது, அல்லது மேல்பல் வீக்கம் கண்ணை மூடுகிற அளவுக்கு ஏறுகிறது, குளிர்காய்ச்சல், படுத்தால் மூச்சு வாங்குகிறது. அங்கே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் கீறிச் சீழை வெளியேற்றுவார்கள். ஆன்டிபயாடிக் இங்கேதான் தேவை, போன கேள்விக்காரருக்குத் தேவையில்லை. இரண்டும் பல்தான், ஆனால் வேறு வேறு கட்டம்.

சுடு ஒத்தடத்தை நிறுத்துங்கள். ஊசியால் குத்திச் சீழை எடுக்கவும் முயலாதீர்கள். போனில் பேசும்போது "அம்மாவுக்குப் பல்வலி" என்று மட்டும் சொன்னால் யாராக இருந்தாலும் நாளை மறுநாள்தான் வரச் சொல்வார்கள். "தாடைக்குக் கீழே வீக்கம், வாய் திறக்கவில்லை, சர்க்கரை இருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் பதில் மாறும்.

கேள்வி: அப்பாவுக்கு இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை கொடுக்கிறோம். காலையில் பல் பிடுங்கினார்கள், சாயங்காலம் வாயெல்லாம் ரத்தம். கொப்பளிக்கக் கொப்பளிக்க வந்துகொண்டே இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: கொப்பளிப்பதால்தான் வந்துகொண்டே இருக்கிறது ஐயா! பல் பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக உட்கார வேண்டும். கொப்பளித்துத் துப்பும் ஒவ்வொரு தடவையும் அது பிய்ந்துவிடுகிறது. சுத்தமான துணியையோ பஞ்சுத்துணியையோ நனைத்துப் பிழிந்து, தடிமனாக மடித்து, குழியின் மேலேயே வைத்து அழுத்திக் கடிக்கச் சொல்லுங்கள். 30 நிமிடம், கடிகாரம் பார்த்து. நடுவில் எடுத்து எட்டிப் பார்க்கவே கூடாது. நிமிர்ந்து உட்காரட்டும். கொஞ்சம் ரத்தம் நிறைய எச்சிலோடு கலந்து வாய் நிறைய ரத்தம் மாதிரி காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்னொரு 30 நிமிடமும் கடித்துப் பார்த்து நிற்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், தையல் போட்டோ மருந்து வைத்தோ நிறுத்துவார்கள்.

மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள். பல்குழி ரத்தத்தை அழுத்தி நிறுத்தலாம், மூளையிலோ இதயத்திலோ கட்டி அடைத்தால் அப்படி நிறுத்த முடியாது. மாத்திரை கொடுத்த டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எதுவும்.

இதே மாதிரி இன்னொருவர், பிடுங்கிய அன்று ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் தாங்க முடியாமல் வலிக்கிறது, கெட்ட வாடை வருகிறது, சீழ் பிடித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். சிகரெட் பிடிப்பேன் என்றும் அவரே எழுதியிருக்கிறார். குழியில் இருந்த ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது, அதனால் வரும் வலி. புகைப்பவர்களுக்கு அதிகம் வரும். பல் பிடுங்கிய டாக்டரிடமே போங்கள், கழுவி மருந்துத்துணி வைத்துவிடுவார். அன்றைக்கே பாதி வலி போய்விடும்.

கேள்வி: 54 வயது. மாடிப்படி ஏறும்போது கீழ்த்தாடைப் பற்கள் மொத்தமும் வலிக்கின்றன, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துப் பல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வேறு பல் டாக்டரைப் பார்க்கவா?

பதில்: வேறு டாக்டரைப் பாருங்கள், ஆனால் இதய டாக்டரை. உழைத்தால் வந்து ஓய்வெடுத்தால் போகும் தாடை வலி இதய ரத்தக்குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம், நெஞ்சில் எதுவுமே தெரியாமல் தாடையில் மட்டும் காட்டுவதும் உண்டு. சொத்தைப் பல்லுக்கு நீங்கள் மாடி ஏறுவது தெரியாது. இந்த வாரமே இசிஜி எடுத்துவிடுங்கள். ஓய்விலும் வலி வந்தால், வியர்த்தால், மூச்சு முட்டினால், கை வலித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: ஆறு மாதக் கர்ப்பம். பல்வலி தாங்கவில்லை. குழந்தை பிறக்கும்வரை பல்லில் கை வைக்கக் கூடாது என்று மாமியார் சொல்கிறார்.

பதில்: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: சிகிச்சை செய்வதைவிட, கிருமியோடும் தூக்கமில்லாமலும் மூன்று மாதம் கிடப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஊசி போடலாம், தேவையானால் தக்க பாதுகாப்போடு பல் எக்ஸ்ரேவும் எடுக்கலாம். நான்கிலிருந்து ஆறு மாதம்தான் நாற்காலியில் சாய்ந்து படுக்க வசதியான காலம், அதனால் இப்போதே போங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். 20 வாரம் தாண்டிவிட்டதால் ஐபுப்ரோஃபென் வகையைத் தொடாதீர்கள். கர்ப்பம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், டெட்ராசைக்ளின் வகை மருந்து பிள்ளையின் பல்லில் கறை ஏற்றிவிடும்.

கேள்வி: வெளியூர் வந்த இடத்தில் பல்லில் போட்டிருந்த கேப் கழன்றுவிட்டது. கடையில் கிடைக்கும் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டலாமா?

பதில்: கூடாது. அது பல்லையும் ஈறையும் புண்ணாக்கும், கேப்பையும் நாசமாக்கும், அப்புறம் சரிசெய்ய வருகிற டாக்டர் உங்களை மனதுக்குள் திட்டுவார். மருந்துக்கடையில் பல்செட் ஒட்டும் பசை கேளுங்கள். கேப்பின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்து, முதலில் பசையில்லாமல் மாட்டி எந்தப் பக்கம் எது என்று பார்த்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் பசை தடவி உட்காரவைத்து மெதுவாகக் கடியுங்கள். ஊர் திரும்பும்வரை தாக்குப்பிடிக்கும். சரியாக உட்காரவில்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். தூங்கும்போது கழற்றி டப்பாவில் வைத்துவிடுங்கள், விழுங்கிவிட்டால் தொல்லை. இது சில நாள் பொறுக்கிற விஷயம்தான், ஒரு மாதம் பொறுக்காது.

கேள்வி: கிளிப் போட்டிருக்கிறேன், கடைசிக் கம்பி கன்னத்தைக் குத்திக் கிழிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை.

பதில்: பென்சிலின் ரப்பர் முனையைச் சுத்தமாகக் கழுவி, அதால் கம்பி நுனியை மெதுவாகப் பல்லோடு சேர்த்து மடக்கிப் பாருங்கள். மடங்கவில்லையென்றால் கிளிப் போட்டபோது கொடுத்த மெழுகை உருட்டி நுனிமேல் அழுத்திவிடுங்கள், வைக்கும் முன் அந்த இடத்தை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டால்தான் ஒட்டும். வீட்டுக் கட்டரால் நறுக்காதீர்கள், துண்டு தொண்டைக்குள் போய்விடும். திங்கட்கிழமை காலை போன் செய்தால் ஐந்து நிமிடத்தில் வெட்டி அனுப்பிவிடுவார்கள்.